எண்பத்தேழாம் பக்கத்து ஆள்

"இதையா எடுக்கறீங்க? ராத்திரி தூக்கம் வராதுங்க" என்றார்
சோமனூர் கிளை நூலகத்தில் சீல் குத்துகிறவர்.
தூங்கவா போகிறேன்.
எனக்கு நைட் ஷிப்டு, எட்டுத் தறி.

தார் மாற்றிவிட்டு
நூல் பெட்டி மேல் உட்கார்ந்து
பஞ்சு படிந்த டியூப்லைட் வெளிச்சத்தில் படித்தேன்.
ஒன்பது வயசுக் குழந்தை. ஏதோ மலையடிவாரத்து ஊர்.
யாரென்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது.
தெரிந்த பிறகும் முந்நூறு பக்கம் பாக்கி.

நாற்பதில் மூடினேன். டீ குடித்தேன்.
அறுபத்திரண்டில் மூடித்
தறிக்கு அடியில் வீசினேன்.
அட்டையில் எண்ணெய்க் கறை, அபராதம் கேட்பார்கள்.
திரும்ப எடுத்தேன்.
அந்தப் பிள்ளையை அங்கே தனியாக விட்டுவிட்டு
எப்படி எழுந்து போவது.
காகிதப் பிள்ளைதான். இருந்தாலும்.

படிக்கிறவர்கள் போலீஸ்காரியோடு போவார்கள்.
நானும் போனேன், எண்பத்தேழாம் பக்கம் வரை.
அங்கே அரைப் பக்கத்துக்கு ஓர் ஆள் வருகிறார்,
பக்கத்து வீடு, எழுதினவர் பெயர்கூட வைக்கவில்லை.
கதவைக் கால்வாசி திறந்து சொல்கிறார்:
"டிவி ஓடிட்டிருந்தது. எனக்கு ஒண்ணும் கேக்கலை."
சாத்திக்கொள்கிறார்.
அப்புறம் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை.
கடைசிப் பக்கம் வரை புரட்டித் தேடிவிட்டேன்.

மூணு மணிக்குக் கரண்ட் போனது.
எட்டும் நின்றது. பக்கத்துக் குடோனில் பன்னிரண்டு.
வாகராயம்பாளையம் வரைக்கும் நின்றிருக்கும்.
காதுக்குள் மட்டும் சித்தெ நேரம் ஓடி
அதுவும் ஓய்ந்தது.
மாடியில் தூங்கிய ஓனர் திடுக்கென்று எழுந்து
"ஏனுங்க, சத்தத்தையே காணோம்?" என்கிறார்.
சத்தம் இருக்கிறவரை எங்களுக்குத் தூக்கம் கலையாது.

மிதுனா.
லைன் வீட்டில் என் சுவரை ஒட்டின வீடு.
ஆடிக்கு அப்புறம்
அம்மா கம்பெனியிலிருந்து வருகிறவரை
அவள் உள்ளே போவதில்லை.
தண்ணித்தொட்டி மேல் உட்கார்ந்து
வெளிச்சம் போன பிறகும் எழுதுகிறாள்.
"கொசு புடுங்குது, உள்ள போ அம்மிணி."
நான்தான் சொன்னேன். மூணு தடவை.
உள்ளே மாமா இருக்கிறாரே என்ற தைரியத்தில்.

ஒன்றும் இல்லாமல் இருக்கலாம்.
ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், மாகாளியம்மா.
ஊடை ஓர் இழை அறுந்தால்
தறி தானாக நின்றுவிடுகிறது.
இரும்புக்கு அவ்வளவு தெரிகிறது.

இன்றைக்குப் பொழுதோட
தொட்டி மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
எதையும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.
உள்ளே போ என்று மட்டும் சொல்லவில்லை.
ஏழாம் வாய்ப்பாடு எழுதுகிறாள்.
கீழே கிடந்த பாடப்புத்தகத்தின் பின்னட்டையில்
நாலே இலக்கத்தில் ஒரு போன் நம்பர்.
இத்தனை வருசம் அது விளம்பரம் என்றிருந்தேன்.
படித்தேன். அதையும் மூணு தடவை.

எட்டு மணிக்குக் குடோனில் தறிகள் ஓடத் தொடங்கின.
ஏழெட்டு ஐம்பத்தாறில் பென்சில் நின்றது.
"அக்கா, உங்களுக்கு ஷிப்டு இல்லையா?"

இருக்குது கண்ணு.
அம்மா வரட்டும்.