பாக்கெட் கணக்கு

ஒரு ஜீன்ஸ் பாக்கெட் தைத்தால் இருபது சென்டாவோ.
ஐந்து தைத்தால் ஒரு ரெயால்.
தோரிதாமாவில் எல்லா வீட்டையும்போல
எங்கள் முன்னறையிலும் மெஷின்தான் குடியிருக்கிறது,
நாங்கள் அதன் ஓரத்தில் ஒண்டியிருக்கிறோம்.

தம்பியின் பொறியியல் எத்தனை பாக்கெட் என்று
இரவு உட்கார்ந்தேன்,
கரண்ட் பில்லின் முதுகில்,
முதலில் துணிக்குக் குறியிடும் சாக்குக்கட்டியால்,
அது அழிகிறதே என்று பிறகு பேனாவால்.

தனியார்: கருவாருவில் மாலைக் கல்லூரி.
மாதம் தொள்ளாயிரத்து ஐம்பது. ஐந்து வருடம்.
ஐம்பத்தேழாயிரம்.
இரண்டு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பாக்கெட்.
எழுதிவிட்டு விரல்களைப் பார்த்தேன்.
அவை வேறெங்கோ பார்த்தன.

அரசு: கம்பினா கிராண்டே. கட்டணம் பூஜ்யம்.
வட்டமாக, பெரிதாகப் போட்டேன்.
அம்மா அதைப் பார்த்துச் சிலுவை இட்டுக்கொண்டாள்.
அப்புறம்தான் அந்த வட்டத்துக்குள்
ஒவ்வொன்றாக ஏறி உட்கார ஆரம்பித்தன.
அறை வாடகை நானூற்று ஐம்பது.
பஸ். போர்வை. வகுப்போ பகல் முழுக்க,
ஆகவே சலவைப் பட்டறையில் ஜோசிவான் வாங்கும்
ஆயிரத்து நானூறு இனி வராது.

வராத பணத்தைச் செலவில் எழுதலாமா?
எழுதினேன்.
வாடகையும் வராத சம்பளமும் மட்டுமே
ஒரு லட்சத்துப் பதினோராயிரம்.

இலவசம்
கட்டணத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
மூன்று முறை கூட்டினேன்.
பிழை காகிதத்தில் இல்லை.

அவன் வந்தான், நகக்கண்ணெல்லாம் சாய நீலம்.
கணக்கைப் பார்க்கவில்லை.
மெஷினில் காதை வைத்து,
"பெல்ட் தளர்ந்திருக்கு" என்றான்.
மாலைக் கல்லூரி என்றால்
பட்டறை முடிந்து வேனில் ஒரு தூக்கம்,
வகுப்பு முடிந்து வேனில் இன்னொரு தூக்கம்.
தூக்கத்துக்கு எத்தனை பாக்கெட்?
அந்த வரியைக் காலியாக விட்டேன்.

தனியாரில் இடம் பிடிக்க
வெள்ளிக்குள் முதல் மாதப் பணம்.
கட்டினால் திரும்பாது.
அரசின் இரண்டாம் பட்டியல் திங்கட்கிழமை.
"எனக்குக் கிடைக்கும்" என்றான்.
முதல் பட்டியலுக்கு முந்தின நாளும்
இதே குரலில் இதையேதான் சொன்னான்.

இங்கே பில் எல்லாம் லாட்டரிக் கடையில்தான் கட்டுவோம்.
வெள்ளி மாலை வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர்
மகளின் பிறந்த தேதியை உடைத்து
ஆறு எண்களாக்கிக்கொண்டிருந்தார்.
என் கையில் கல்லூரிச் சீட்டு.
இருவரில் சூதாடுவது யார் என்று
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்ணுக்குத் தெரியாது.
இருவருக்கும் ஒரே அகலத்தில் ரசீது கிழித்துத் தந்தாள்.

திங்கள், பதினோரு மணி பத்து நிமிடம்.
பதினேழாவது பெயர்.
அம்மா போட்ட கூச்சலில்
எதிர்வீட்டு மெஷினும் நின்றது.
நானும் கத்தினேன், கட்டிக்கொண்டேன், அழுதேன்.
அழும்போதே பாவாடைப் பையில்
ரசீதை இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.

அன்றிரவு கணக்கில் ஒரு வரி சேர்த்தேன்:
ஜோசிவானை நம்பாததற்கு, தொள்ளாயிரத்து ஐம்பது.
நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது பாக்கெட்.

அவன் படித்தான்.
பேனாவை வாங்கி
'நம்பாததற்கு' என்பதை அடித்துவிட்டு
மேலே சின்னதாக எழுதினான்: 'பயந்ததற்கு'.
'ஜோசிவானை' என்பதையும் அடித்தான்.
தொகையில் கை வைக்கவில்லை.

இலவசம் மார்ச் நாலாம் தேதி தொடங்குகிறது.
அறைக்காரி முன்பணத்தை
இரண்டாம் தேதியே கேட்கிறாள்.
பெல்ட்டை இறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான்
பெட்டியைக் கட்ட உட்கார்ந்திருக்கிறான்.
மெஷின் இப்போது சத்தமே இல்லாமல் ஓடுகிறது,
எத்தனை தைத்தேன் என்று
காது எண்ணிக்கொடுத்த பழக்கம் போய்
நானே எண்ண வேண்டியிருக்கிறது.