மைனஸ் பதினான்கு

கரடிப்போக்குச் சந்தியில்
டயர்க் கடைக்கு மேல் ஒரு அறை.
வாடகைக்கு எடுத்த நாளே சுவரெல்லாம்
முட்டைத் தட்டு ஒட்டினேன்.
ஏ ஒன்பது வீதி அதற்கெல்லாம் மசியவில்லை.
யாழ்ப்பாண பஸ் ஒவ்வொன்றும்
என் காதுக்குள்ளால்தான் போகிறது.

ஆகவே வேலை இரவில்.

இன்றைக்கு நேசகுலராசா அண்ணையின் குரல்.
முத்தையன்கட்டு, இடதுகரை.
தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர்.
“வணக்கம் உறவுகளே” என்பதை
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்குச்
சொல்வதுபோல் சொல்வார்.
பிறகு பம்ப்பைக் கழற்றி
அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு
வோஷரைப் பற்றி வோஷருக்கே விளக்குவார்.
திரையில் அவர் குரல்
முதலில் பனை,
பிறகு புல்.

பனையைத் தறித்துப் புல்லை உயர்த்துவது என் தொழில்.
மூன்றுக்கு ஒன்று என்று அமுக்குவேன்.
அமுக்கியதைத் தூக்குவேன்.
தூக்கினால் கூடவே எல்லாம் எழும்பும்:
ஜெனரேட்டர்,
மூக்கால் விடும் மூச்சு,
தூரத்தில் ஒரு மயில்,
“தேத்தண்ணி ஆறுது” என்று ஆரோ மூன்று தரம் கூப்பிடுவது.
அவர் ஒருதரமும் பதில் சொல்லவில்லை.

மயிலை நிறுத்த ஒரு கேட் போட்டேன்.
இந்த அளவுக்குக் கீழே சத்தம் வந்தால் கதவைச் சாத்து.
சாத்தியது.
மயிலோடு சொற்களின் வாலும் வெளியே நின்றது.
“ஆறு” வெறும் “ஆ”.
“பத்து” பல்லிலே ஒட்டிக்கொண்ட “பத்”.
குற்றியலுகரம் படிப்பித்த பாடத்தில்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.
அரை மாத்திரை என்றால் எவ்வளவு என்று
இரவு ஒன்றரை மணிக்கு
ஹெட்போன் காதைச் சுட விளங்கியது.
ஒன்று இரண்டு மூன்று நான்கு
ஐந்து ஆறு எட்டு ஒன்பது பத்து நூறு
எல்லாம் அந்த அரையிலே தொங்குகின்றன.
ஏழு மட்டும் முழுசாக நிற்கிறது, ஏனோ.

கதவைக் கொஞ்சம் தாமதித்துச் சாத்தச் சொன்னேன்.
சொற்களுக்கு வால் முளைத்தது.
மயிலிலும் கால்வாசி திரும்பி வந்தது.
இருக்கட்டும்.

உச்சி மைனஸ் ஒன்று. மொத்தம் மைனஸ் பதினான்கு.
ஏற்றிவிட்டுப் படுத்தேன்.

காலையில் அழைப்பு.
“பிள்ளை, காசை ஏன் என்னைக் கத்திச் சொல்ல வைச்சனி?”

கத்தவில்லை அண்ணை, எல்லாம் ஒரே அளவு.

“அதைத்தான் சொல்லுறன்.
ஆயிரத்து ஐந்நூறு எண்டதை
நான் மெல்லமாத்தான் சொன்னனான்.
ரெண்டு போகம் பிழைச்ச சனம் பாக்குது.
மெல்லமாச் சொன்னா, இல்லாதவன்
கேக்காத மாதிரி இருந்திடலாம்.
இப்ப வாய்க்கால் முழுக்க எழும்பி நிக்குது
உன்ரை ஐந்நூறு.”

வயலில் நின்று போனில் பார்க்கிறவர்களுக்கு
மெல்லச் சொன்னால் விலை கேட்காதே?

“கேக்காட்டி என்னட்டைக் கேக்கட்டும்.
ஆளைப் பாத்துச் சொல்லுவன்.”

நாற்பத்திரண்டு பேர் பார்த்து முடித்ததை இறக்கினேன்.
மைனஸ் பதினான்கு என்பது
பன்னிரண்டு நிமிடத்தின் சராசரி.
ஒரு தொகையை ஆறு டெசிபல் இறக்கினால்
அதற்குத் தெரியவும் தெரியாது.
கோட்டைப் பிடித்து அந்த இடத்தில் பள்ளமாக்கினேன்,
கையாலே, மெஷினை நம்பாமல்.
“று” மட்டும் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு என் பழைய போனில் போட்டு
கீழே டயர்க் கடை வாசலில் பிடித்தேன்.
கொம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது,
என்னுடையது அல்ல, காற்றடிக்கிறது.
வணக்கம் கேட்டது. வோஷர் கேட்டது.
மற்றது ஒரு மூச்சுப்போல் போனது.

ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெடியன்
தலை நிமிர்ந்தான்:
“எவ்வளவு எண்டவர், அக்கா?”

அண்ணையின் நம்பரைக் கொடுத்தேன்.