பென்சிலால் மட்டும்

பேனாவைத் தொடக் கூடாது என்பது
லில்லி கிரேஸ் போட்ட முதல் சட்டம்.
முப்பது வருஷம் வார்டில் சார்ட் எழுதியவள்.
"தப்பு எழுதலாம், ஊறிப்போகக் கூடாது."

காட்பாடி காந்தி நகரில் அவள் சாப்பாட்டு மேசைமேல்
பதினோரு வரைபடத் தாள்களை ஒட்டி விரித்து
மூலைக்கொரு தம்ளர் வைத்திருந்தோம்.
மின்விசிறி போட்டால் முப்பாட்டன்கள் பறப்பார்கள்.
போடாவிட்டால் மே மாதம்.
வேர்வை சொட்டி ஏற்கெனவே
ஒரு சித்தப்பா மங்கிப்போயிருந்தார்.

கோலாரிலிருந்து தாவீது கொண்டுவந்தது
சுரங்கத்தின் தகர வில்லை:
எண் இருந்தது, பெயர் இல்லை.
பள்ளிகொண்டா வேடியப்பனிடம் காகிதமே இல்லை.
ஒரு கிலோ முள்ளுக் கத்தரிக்காயும்
யார் யாருக்குப் படையல் போடுகிறார்கள் என்ற கணக்கும்.
நான் சார்பதிவாளர் ஆபீசில் நகல் எழுதி ஓய்ந்தவன்.
பழைய கையெழுத்து எனக்குப் படியும்.
செல்லரித்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று
சொல்ல மாட்டேன்.
"இவ்விடம் பழுது" என்று எழுதிவிட்டு
மேலே போவதுதான் எங்கள் வழக்கம்.

இரண்டு சாமண்டிகள் ஒருவரே என்று தெரிந்தது,
சம்பளம் வாங்கிய ஊரில் ஒருத்தர், கடன் வாங்கிய ஊரில் ஒருத்தர்.
எட்வர்டு தன் தம்பிக்கு அப்புறம் பிறந்திருந்தார்;
பள்ளியில் சேர்த்த வாத்தியாரின் கைங்கரியம்.
"கிணற்றில் விழுந்தார்" என்பதா
"கிணறு வெட்டுகையில் விழுந்தார்" என்பதா,
அதற்கே அரைமணி நேரம்.

தாளின் இடது ஓரம் கன்னியப்பன் பிள்ளைகள்.
ஆண் மூன்று, பெயரோடு.
பெண் - 1.
பாலாறு பெருகிய வருஷம் போனவளாம்.
வேடியப்பன் வீட்டில் ஆடிக்கு ஆடி அவளுக்கொரு புடவை.
ஆற்றுக்காரி என்பார்கள், பெயர் தெரியாது.

வலது ஓரம் என் கிளை.
லில்லியின் தங்கையைக் கட்டியதால்
புள்ளிக்கோட்டில் ஒட்டிக்கொண்டது.
உச்சியில் என் பாட்டனைப் பெற்ற சலோமி.
அவளுக்கு மேலே கோடு இல்லை;
ஒரு கேள்விக்குறி கொக்கிபோல்
அவளைத் தொங்கவிட்டிருந்தது.

லில்லி கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்தாள்.
ஞானஸ்நானப் பதிவேடு, சபைக்கு மூன்று தரம் நடந்து வாங்கியது.
"நீங்களே படிங்க.
என் கண்ணுக்கு நான் நினைச்சதுதான் தெரியுது."
சன்னலோரம் போய்
குரலை மாற்றாமல் வாசித்தேன்.
சலோமி. முன்பெயர் முனியம்மாள். வயது சுமார் பதினாறு.
பள்ளிகொண்டா கன்னியப்பன் மகள்.
வந்த வகை:
இவ்விடம் பழுது.

வேடியப்பன் வெகுநேரம் பேசவில்லை.
"அப்போ நாங்க வெச்ச புடவையெல்லாம்?"
"உயிரோட இருந்தவளுக்கு" என்று தாவீது சிரித்து
யாரும் சேராததால் நிறுத்திக்கொண்டான்.
ஆற்றோடு போகவில்லை, ஆற்றைத் தாண்டியிருக்கிறாள்.
தாண்டினாளா, தாண்டவைத்தார்களா.

எங்கள் ஊருக்கு ஒரு கேலி உண்டு,
நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை என்று.
சிரித்தே வளர்ந்தவன் நான்.
பெயரில்லாத பெண்ணை
அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை.

கோடு போடுவதுதான் கஷ்டம்.
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
யாரையாவது வெட்டாமல் வழியில்லை.
"இன்னாத்துக்கு இவ்ளோ தூரம்? தாளை வளைங்க"
என்றான் வேடியப்பன்.
தம்ளர்களை எடுத்தோம்.
ஓர் ஓரத்தை அவன் பிடித்தான், ஓர் ஓரத்தை நான்.
குழாய்போல் வளைந்து இரண்டும் முட்டின.

லில்லி "பெண் - 1"ஐ அழித்தாள்.
யாரோ அழுத்தி எழுதியிருக்கிறார்கள், தாள் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினாள்.

"ஆடிக்கு எந்தப் பேரைச் சொல்றது?"
அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

தெரியாமலே நான் முறைப்பெண்ணைக் கட்டியிருக்கிறேன்.
என்னைவிட ஒன்பது வயது இளைய வேடியப்பனை
இருபத்தேழு வருஷமாய் மாமா என்கிறேன், பெண்டாட்டி வழியில்.
இப்போது ரத்த வழியில் நான் என்ன முறை என்று
அவன் விரல்விட்டு எண்ணினான்,
கோட்டின்மேல் போனான், வந்தான்,
மறுபடி எண்ணினான்.
"அதே மாமாதான்" என்றான்,
ஏமாந்தவன்போல.