கசிவு

லிங்கராஜபுரம், மேம்பாலத்துக்குப் பின்னால்,
இரண்டாம் மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு.
அட்வான்ஸ் கொடுக்கும் முன்
தண்ணீர் வருமா என்று நான் கேட்கவில்லை.
அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன்.
கொடுத்ததைச் சுவர் அப்படியே விட்டெறிந்தது.
வீட்டுக்காரர் சாவியைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கைதட்டலைக் கொல்ல
இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, ஒரு ரஜாய்,
சிவாஜிநகரில் எடைக்கு வாங்கிய திரைத்துணி.
முட்டை அட்டை ஒட்டவில்லை.
அதில் கரப்பான் தங்கும், சத்தம் தங்காது.

எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கிய பெட்டி.
இடதுபக்கம் ஒரு தட்டு தட்டினால்தான் பேசும்.
மைக் மூன்று இருந்தது, செருக ஓட்டை இரண்டு.
ஒன்று ஜெசிந்தாவின் வலது தோளுக்கு மேல்,
துணி காயப்போடும் கொம்பில் கட்டி.
இன்னொன்று பீரோவுக்குள்,
அக்காவின் கல்யாணச் சேலைகளுக்கு நடுவே
என் ஆம்பின் வாயருகில்.
கிக் டிரம்முக்கு மைக் கிடையாது.
"அது தரை வழியா வந்துக்கும்" என்றாள்.
வந்தது,
குளியலறைத் தாழ்ப்பாளையும் கூட்டிக்கொண்டு.

எங்களுக்கு ஞாயிறு எட்டரை முதல் பதினொன்று.
கீழ்வீட்டு லூர்துசாமி
குடும்பத்தோடு பூசைக்குப் போகும் நேரம்.
எலும்பு ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி முடித்து
நேராக வருவாள், சாக்ஸோடு உட்காருவாள்,
ஸ்நேர் கணகணக்காமல் இருக்க
தன் பர்ஸை எடுத்து அதன்மேல் வைப்பாள்.
உள்ளே சில்லறை இருந்தால் ஒரு சத்தம்,
மாசக் கடைசியில் வேறு சத்தம்.

பாணஸ்வாடி பக்கம் ரயில் போகும்போது
யாரும் தொடாமலே ஸ்நேர் கம்பிகள் சலசலக்கும்.
கையைத் தூக்கியபடி இருவரும் காத்திருப்போம்,
ஊசி போடப் போகிறவளும்
போட்டுக்கொள்ளப் போகிறவனும் போல.

பதினொன்றாவது டேக்.
குக்கர் இல்லை, ரயில் இல்லை,
பக்கத்து மாடியில் யாரும் மோட்டார் போடவில்லை.
இரண்டாம் சரணத்தில்
ஏ மைனருக்குப் பதில் சி பிடித்துவிட்டேன்.
ஒரே ஒரு விரல்.
அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.
அதற்குள் கீழே கேட் சத்தம்.

நவம்பரில் அவள் கார்க் நகரத்துக்குப் போய்விட்டாள்.
அங்கே முதியோர் வார்டு, பகல் டூட்டி.
ஒரு வாரம் கழித்து கிட்டாரை மட்டும் மறுபடி வாசித்தேன்.
சுத்தமாக. பழையதை ஊமையாக்கினேன்.
ஆனாலும் அந்த சி இருக்கிறது.
சேலைகளைத் தாண்டி, பீரோ கதவைத் தாண்டி
அவள் மைக்குக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது,
கழுவிய சட்டியில் மீன் வாசனை மாதிரி.
அதை அறுத்தால் சிம்பலும் சேர்ந்து சாகிறது.

அலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
சி-க்கு அடுத்த ஸ்நேர் அடி
நாற்பது மில்லிசெகண்ட் தாமதம்.
மற்ற பத்து டேக்கிலும் அவள் கடிகாரம்.
இதில் மட்டும் நின்றிருக்கிறாள்,
பின்னால் வருகிறவன் கழன்ற செருப்பை மாட்டிக்கொள்ளட்டும் என்று
படியில் ஒருத்தி நிற்பதுபோல்.
அடியை இழுத்துக் கோட்டில் வைத்துப் பார்த்தேன்.
பாட்டு ரேஷன் வரிசை மாதிரி நகர்ந்தது.
திரும்ப விட்டுவிட்டேன்.

போன் செய்து சொன்னேன்.
அங்கே மழை. வாயில் ஏதோ மென்றுகொண்டு சிரித்தாள்.
"நீ தப்பா வாசிச்சதே எனக்குத் தெரியாதுப்பா.
பர்ஸ் நழுவிச்சு. முட்டியால தள்ளி ஏத்தினேன்."

மணி இரண்டு.
ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு
அந்த நாற்பதுக்குள் பர்ஸைத் தேடுகிறேன்.
ஒரு ரூபாய் உருண்டிருந்தால்கூடப் போதும்.

இல்லை.
மாசக் கடைசியாக இருந்திருக்கலாம்.