ஏழாவது நவம்பர்

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பெரிய வேலையில்லை.
மாமியார் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.
தங்கச்சிமடத்து வாடைக்காற்று
ஒரு மெழுகுவர்த்தியையும் நிற்க விடவில்லை.
சிரட்டையைச் சாய்த்து வைத்து
அதன் மறைவில் ஒன்றை ஏற்றினேன்.

கோயில் வாசலில் உறை கொடுத்தார்கள்,
இறந்தவர் பெயர்களை எழுதிப் பூசைக்குப் போட.
வருஷா வருஷம் எழுதுவதுதான்:
மாமனார், மாமியார்,
பிறந்த அன்றே போன பிள்ளைக்குப் பெயரில்லாமல் ஒரு கோடு.
பிலவேந்திரன் என்று எழுதியதில்லை.
மீன்துறைத் தாளில் அவர் காணாமல் போனவர்.
டோக்கன் போட்டுப் போன படகு,
திரும்பியதாகப் பதிவு இல்லை.
அவ்வளவுதான் அவர்களுக்கும் தெரியும், எனக்கும்.

இருட்டுகிற நேரம் தம்பி வீடியோவில் வந்தான்.
மெக்சிகோ, மன்சனீயோ துறைமுகம்.
கப்பல் இன்னும் சரக்கு இறக்குகிறதாம்.
அங்கே அப்போதுதான் விடிகிறது.
"அக்கா, இங்கயும் இன்னிக்குத்தான் கல்லறைத் திருநா"
என்று போனைத் திருப்பினான்.

கிரேன் ஓட்டுகிற ஒருத்தர் வீடு.
படி படியாய் அடுக்கிய மேசை.
சர்க்கரையில் செய்த மண்டையோடு, வெட்டுக் காகிதம், ரொட்டி,
திறந்து வைத்த ஒரு பீர் பாட்டில்.
அப்புறம் பூ. பூவென்றால் அப்படிப் பூ.
நம்ம கேந்தி!
ராமநாதபுரம் சந்தையில் கூடை கூடையாய் வாங்கி
சப்பரத்துக்குக் கட்டுகிறோமே, அதே.
"இது இவங்க ஊர்ப் பூவாம்க்கா.
வாசத்தப் பிடிச்சுத்தான் செத்தவங்க வழி கண்டு வருவாங்களாம்."

மூன்றாவது படியில்,
ஒரு கிழவிக்கும்
சீருடை போட்ட பள்ளிக்கூடப் பையனுக்கும் நடுவே
என் புருஷன்.
ரேஷன் கார்டுக்கு எடுத்த படம்.
மீசையை ஒதுக்கவில்லை என்று அன்றைக்கு நான் திட்டினேன்.

"யார்ரா வைக்கச் சொன்னது?
செத்துட்டாருன்னு யார்ரா ஒங்கிட்டச் சொன்னா?"
பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.
ரெமிஜியுஸ் பேசவில்லை.
படத்தை எடுக்கவும் இல்லை.

அதற்கு முன்னால் ஒரு தம்ளர்.
"தண்ணி எதுக்கு?"
"அவ்வளவு தூரம் வர்றாங்கள்ல. தாகம்."
"பக்கத்துல?"
"உப்பு."

நெட் சுற்றியது.
அவன் முகம் பாதி வாயோடு நின்றுவிட்டது.
கேட்கிறதா இல்லையா என்று தெரியாமலே சொன்னேன்:

தண்ணி இருக்கட்டும்.
உப்ப மட்டும் எடுத்துரு, ரெமி.
அவரு குடிச்சது போதும்.