சனிக்கிழமை பாக்கலாங்க

தொழில்முனைவு வகுப்பில்
சுவரடைக்க ஒரு தாள் ஒட்டினார்கள்.
ஒன்பது கட்டம்.
வாடிக்கையாளர் யார், வருமானம் எவ்வழி,
வண்ணச் சீட்டுகளில் எழுதி ஒட்டினோம்
நானும் நவநீதனும் ஃபர்ஹானாவும்.
ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு.

இந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு
அதில் கட்டம் இல்லை.

திருப்பூர், பதினைந்து வேலம்பாளையம்,
அங்காளம்மன் நிட்டிங்ஸ்.
ஊசி ஒன்று முறிந்தால்
துணி நெடுக ஓடும் கோட்டை
எங்கள் கேமரா கண்டுபிடித்து மிஷினை நிறுத்தும்.
மார்கழியில் மாட்டினோம், நாலு மிஷினில்.
நிறுத்துகிறது.
இதோ, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
என் கண்முன்னேயே நிறுத்துகிறது.
ஓட்டுகிற பையன் ஊசி மாற்றுகிறான்,
திரும்பச் சுற்றுகிறது.

எனக்கு இது ஏழாவது சனிக்கிழமை.
நாற்பத்து நாலாயிரம்.

சென்னியப்பன் நல்ல மனுசர், அதுதான் சிக்கல்.
"வாங்க அம்மணி, டீ குடிங்க" என்பார்.
"கேமரா அருமைங்க" என்பார்.
இன்னும் ரெண்டு மிஷினுக்குப் போடச் சொல்வார்.
பணம் என்றதும் செல்லை எடுத்து
எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு அடிப்பார், எனக்கும் கேட்கும்படி.
"சனிக்கிழமை பாக்கலாங்க" என்று அங்கே எவரோ சொல்ல,
போனை வைத்துவிட்டு
அதையே எனக்குத் தருவார்
சூடு ஆறுவதற்குள்.

கணக்கெழுதும் கோகிலவாணிக்கு என் வயதுதான்.
தபாலில் பி.காம். படிக்கிறாள்.
இன்று ஃபைலின் அடியிலிருந்து
என் பில்லை உருவி நீட்டினாள்.
"எத்தன நாளைக்குள்ளன்னு நீங்க எழுதவே இல்லீங்களே.
தேதி இல்லாத பில்லு அடியில போயிருமுங்க."
பேனா கேட்டேன்.
"இதுல எழுதி என்னுங்க பண்றது, அடுத்ததுல எழுதுங்க."

அப்போது என் போன்.
காட்டூர் கடை. போர்டும் லென்ஸும் கொடுத்த அண்ணன்.
பதினெட்டாயிரம் பாக்கி.
அடிக்கட்டும் என்று விட்டிருக்கலாம், எடுத்தேன்.

"சனிக்கிழமை பாக்கலாங்ணா."

என் குரல்தான்.
அந்தக் குழைவு, அந்த இழுப்பு,
எந்த செமஸ்டரில் படித்தேனோ
ஒரு சொல் தடுக்கவில்லை.

"இன்னிக்கே சனிக்கிழமதானுங்களே" என்றார் அவர்.

பேரேட்டிலிருந்து தலை நிமிராமல்
கோகிலவாணியின் தோள் குலுங்குகிறது.

உள்ளே மிஷின் நிற்கிறது. மறுபடியும் ஊசி.
வட்டமாய் நிற்கிற அத்தனை ஆயிரத்தில்
எது முறிந்ததென்று
பையன் விரல் நுனியால் தடவிக்கொண்டே போகிறான்.
அண்ணன் இன்னும் லைனில் இருக்கிறார்.
டீயில் ஆடை படிந்துவிட்டது.