கண்ணுக்குத் தெரியாத கழிவு

பல்லடத்துக்குத் தெற்கே ஒரு நூற்பாலையில்
கழிவுக் கணக்கு என்னுடையது.
உள்ளே போன பஞ்சு நூறு கிலோ.
நூல் எண்பத்து நாலு.
விதைத்தூள், கூட்டி அள்ளியது,
வடிகட்டிப் பையை உதறியது
எல்லாம் சேர்த்துப் பதினாலே கால்.
மீதி ஒன்றே முக்காலுக்குப்
பேரேட்டிலேயே ஒரு கட்டம் உண்டு:
கண்ணுக்குத் தெரியாதது.

"அதெங்கீங்க போச்சு?"
வருஷம் தவறாமல் கேட்பார் ஆடிட்டர் சென்னியப்பன்.
காத்துலீங்க, என்பேன்.
சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

வானத்தை நிறுத்தவர்களுக்கும் கணக்கு உதைத்ததாம்.
இத்தனை அணு இருந்தாக வேண்டும் என்று எழுதிவைத்து
விண்மீன்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால்
பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.
பெரும்பங்கு வெளியில் கிடந்தது,
மண்டலத்துக்கும் மண்டலத்துக்கும் நடுவே,
ஓர் அறைக்குச் சில அணுக்களாய்,
கொதிக்கக் கொதிக்க,
ஒளியே இல்லாமல்.
எங்கிருந்தோ புறப்பட்ட வெளிச்சம்
அதற்குள் நுழைந்து
கொஞ்சம் குறைந்து வந்தபோதுதான்
துப்புக் கிடைத்ததாம்.

இரவு ஷிப்டில் இதைப் படித்துக்கொண்டிருந்தேன்.
நாலரைக்குத் தாராபுரம் பஸ் வளைவில் திரும்பியது.
அதன் விளக்கு சன்னலில் ஏறி
கார்டிங் எந்திரங்களின் தலைக்கு மேல் ஓடி
அணைந்தது.
அந்த ரெண்டு விநாடி
காற்று முழுக்க இழை.
இத்தனை வருஷம் இதற்குள்தான்
டீ குடித்திருக்கிறேன்.

மூன்றாம் எந்திரத்தருகே தெய்வாத்தா
முந்தானையை வாயில் பொத்தி
இருமினாள்.

கிராமோ, அரைக் கிராமோ.
அதற்குக் கட்டம் இல்லை.

பேரேட்டை மூடினேன்.
அட்டையில் என் விரல்கள் பட்ட இடம் மட்டும்
நீலம்.